எழுபது வயதில் தனியாக ஒரு வண்டி

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. பஸ் மாதிரி ஒரு பெரிய வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உண்டு. ஓட்டுபவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. பக்கத்து சீட்டில் ஒரு நாய். வேறு யாரும் இல்லை!

இதைக் கேட்டதும் சிலர் "ஐயோ பாவம், பிள்ளைகள் கவனிக்கவில்லை போலிருக்கிறது" என்பார்கள். வேறு சிலர் "ஆஹா, வாழ்ந்தால் இப்படி வாழ வேண்டும்" என்பார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்தான். ஏனென்றால் இரண்டு பேருமே அந்தப் பாட்டி யாருடைய உதவியும் இல்லாமல் இருக்கிறார் என்றுதான் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். மோட்டார் ஹோமில் மூன்று வகை. பஸ் போல இருப்பது 'ஏ' வகை. வேனையே வீடாக்கியது 'பி' வகை. லாரியின் முன்பாகத்தோடு வீட்டைப் பொருத்தியது 'சி' வகை. பெரும்பாலான மாநிலங்களில் இவற்றை ஓட்ட சாதாரண கார் லைசென்ஸே போதும். ஆனால் தனியாகப் போகிறவருக்கு எல்லாமே சொந்த வேலை. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கை காட்ட ஆள் கிடையாது. நல்ல தண்ணீர் நிரப்புவதும், கழிவுநீர்த் தொட்டியைக் குழாய் மாட்டிக் காலி செய்வதும், கேஸ் கசிகிறதா என்று பார்ப்பதும் அவர்தான். அதனால்தான் தனியாகப் போகும் பலர் சின்ன வண்டியாகப் பார்த்து வாங்குகிறார்கள்.

செலவுக்கும் வழி இருக்கிறது. 62 வயதான அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களும் 80 டாலர் கொடுத்தால் தேசியப் பூங்காக்களுக்குள் நுழைய ஆயுள் முழுவதற்குமான பாஸ் கிடைக்கும். 2017க்கு முன்பு இது வெறும் 10 டாலர்! சில அரசு முகாம்களில் இரவு தங்கும் கட்டணத்திலும் இதைக் காட்டிச் சலுகை பெறலாம். முகாமைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலராகச் சேர்ந்தால், வேலைக்குப் பதிலாக வண்டி நிறுத்த இலவச இடம் தரும் பூங்காக்களும் உண்டு.

சரி, "தனியாக" என்ற விஷயத்துக்கு வருவோம்.

இந்த வகைப் பயணத்துக்குப் புகழ் தேடித் தந்தவர் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக். 1960இல், 58 வயதில், லாரியின் மேல் பொருத்திய ஒரு கூண்டு வீட்டில் 'சார்லி' என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார். 1962இல் அது புத்தகமாக வந்தது. தனிமைப் பயணத்துக்கு இன்றும் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் 2010இல் அதே வழியில் போய் ஆராய்ந்தார். அந்தப் பயணத்தின் பல நாட்களில் ஸ்டைன்பெக்குடன் மனைவி இருந்ததும், பல இரவுகளை அவர் ஹோட்டல்களில் கழித்ததும் தெரிய வந்தது. இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. தனிமைப் பயணத்தின் நாயகருக்கே துணை தேவைப்பட்டது என்று எடுத்துக்கொண்டால் போதும்.

இன்றைய பயணிகள் இதை நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்று பாலைவனத்து ஊர் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்கலாம். பல ஆண்டுகளாக முழுப் பருவத்துக்கும் கட்டணம் 180 டாலராகத்தான் இருந்தது. குளிர்காலத்தில் வயதானவர்கள் வண்டியோடு கூட்டம் கூட்டமாக அங்கே வந்து சேர்கிறார்கள். பாப் வெல்ஸ் என்பவர் 2011இல் அங்கேதான் வண்டிவாசிகளுக்கான ஆண்டுக் கூட்டத்தைத் தொடங்கினார். வண்டி பழுதுபார்ப்பது முதல் பாதுகாப்பு வரை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கிறார்கள். தனியாக வந்தவருக்கு நாலு பேர் பழக்கமாகிவிடுகிறார்கள்.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். எல்லோரும் ஆசைப்பட்டு வருவதில்லை. 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்தவர்கள், வாடகை கட்ட முடியாமல் வண்டிக்குக் குடிவந்தவர்கள் பலர். ஜெசிகா ப்ரூடர் 2017இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' புத்தகம் இவர்களைப் பற்றியது. அதை வைத்து எடுத்த படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அறுபது, எழுபது வயதில் கிடங்குகளில் பெட்டி தூக்கும் வேலை செய்து பிழைப்பவரைப் பார்த்து "என்ன சுதந்திரம்!" என்று கை தட்டுவது நியாயமா? வேண்டாம் என்று தோன்றும் நாளில் திரும்பிப் போக ஒரு இடம் இருந்தால்தான் அது சுதந்திரம். இல்லையென்றால் அது சக்கரம் வைத்த வறுமை.

அதனால் "இந்த வயதில் தனியாகப் போகலாமா?" என்ற கேள்வியே தவறு. "நிறுத்த வேண்டிய நாள் வந்தால் என்ன செய்வது?" என்பதுதான் சரியான கேள்வி. கண் மங்கும், கை நடுங்கும், இரவில் எதிரே வரும் விளக்கு கூசும். இதெல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. பக்கத்தில் யாரும் இல்லாதபோது, "இனிமேல் ஓட்டாதே" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உலகத்திலேயே கஷ்டமான வேலை அதுதான்!

அதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1978இல் ஜோ, கே பீட்டர்சன் தம்பதி 'எஸ்கேப்பீஸ்' என்ற வண்டிவாசிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த ஒரு பராமரிப்பு மையம் இருக்கிறது. ஓட்ட முடியாதவர்கள் தங்கள் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அதே வண்டியிலேயே தொடர்ந்து குடியிருக்கலாம். சாப்பாடு கிடைக்கும், டாக்டரிடம் கூட்டிப் போக ஆள் உண்டு. சக்கரம்தான் நிற்கிறது, வீடு மாறுவதில்லை. முதியோர் இல்லம் என்றாலே பயப்படுகிறவர்கள் யோசிக்க வேண்டிய ஏற்பாடு இது.

தனியாகக் கிளம்பும் தாயை, தந்தையைப் பார்த்து பிள்ளைகள் பயப்படுவது இயல்புதான். ஆனால் சாவியைப் பிடுங்கி ஒளித்து வைப்பது அன்பாகாது. கிளம்புவதற்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டும். தினமும் எத்தனை மணிக்கு போன்? மாத்திரை எங்கே வாங்குவது? ஊர் விட்டு ஊர் போனாலும் மருத்துவக் காப்பீடு செல்லுமா? யார் சொன்னால் வண்டியை நிறுத்துவார்? கடைசிக் கேள்விக்கான பதிலை அந்தப் பெரியவரே சொல்ல வேண்டும். அந்தப் பெயரை அவரே சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவர் எத்தனை ஆயிரம் மைல் போனாலும் உண்மையில் தனியாகப் போகவில்லை.