மாத்திரைகளுக்கும் நேர்காணல் வேண்டும்

போன வருஷம் கார்த்திகை மாதம், ராத்திரி இரண்டு மணி. சேலையூரில் எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் என் மனைவி விழுந்து கிடந்தாள். தூக்கி உட்கார வைத்தால், "அண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்கிறாள். அண்ணன் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. அடிவயிறு வீங்கியிருந்தது. மத்தியானத்திலிருந்து சிறுநீரே போகவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயது டாக்டர் முதலில் கேட்டது: "அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க சார்?"

அரசாங்கத்தில் 35 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்குச் சொன்ன பதில்: "ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை, அப்புறம் ஜலதோஷத்துக்கு ஒண்ணு." அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு நாலைந்து வருஷமாக நீர்ப்பையில் வலி. நீர் நிறைய நிறைய வலிக்கும், போனால் கொஞ்சம் தணியும், அரை மணியில் மறுபடியும். நாங்கள் அதை நீர்க்கடுப்பு என்றே நினைத்தோம். பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு, அதற்கும் அடங்காவிட்டால் தெருமுனை மருந்துக்கடை. "நீர்க்கடுப்பா சார்? இதை அஞ்சு நாள் கொடுங்க." அட்டையில் சிவப்புக் கோடு இருந்தது. நான் அதை அலங்காரம் என்று நினைத்தேன்.

அந்தக் கோட்டுக்கு அர்த்தம், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்பது. 2014 மார்ச் 1 முதல் எச்-1 அட்டவணை என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அதில் உள்ள கிருமிக்கொல்லிகளையும் காசநோய் மருந்துகளையும் விற்றால், எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது. நம் தெருவில் எத்தனை கடையில் அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறீர்கள்?

கடைசியில் ஒரு சிறுநீரக டாக்டர் சிறுநீரை கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமியே இல்லை. இது நீர்ப்பை வலி நோய், கிருமிக்கொல்லியால் ஒரு பயனும் இல்லை என்றார். அதுவரை அவள் விழுங்கியதெல்லாம் வீண். வீண் மட்டுமா? அந்த வகை மாத்திரைகளில் சில தசைநார்களையும் நரம்புகளையும் பாதிக்கக் கூடியவை. சில, நீர்ப்பைக்கு வரும் காசநோயை அரைகுறையாக அடக்கி, பரிசோதனையில் அகப்படாமல் மறைத்தும்விடும். 1928-லிருந்து சானடோரியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் தாம்பரத்துக்காரர்களுக்கே காசநோய் நுரையீரலை விட்டு வேறு இடத்துக்கும் போகும் என்று தெரிவதில்லை.

அந்த டாக்டர் வலிக்காக அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் கொடுத்தார். நல்ல மருந்துதான், வலி குறைந்தது. பிறகு அடிக்கடி நீர் பிரிகிறது என்று வேறொரு டாக்டரிடம் போனோம். முதல் டாக்டர் கொடுத்ததை அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் சாலிஃபெனசின் எழுதினார். அதற்கு மேல் ஜலதோஷத்துக்கு நானே கடையில் வாங்கி வந்த மாத்திரையில் குளோர்பெனிரமைன். மூன்றுமே வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், வயதானவர்களுக்கு நீரைக் கட்டும், புத்தியைக் கலக்கும். தனித்தனியாகச் சிறியவை. மூன்றும் சேர்ந்தபோது என் மனைவி கீழே விழுந்தாள். குழாய் போட்டு நீரை எடுத்து, இரண்டு மாத்திரையை நிறுத்திய பிறகு மூன்றாம் நாள் தெளிந்தாள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். டாக்டர் எழுதும் தாளுக்கு பிரெஞ்சில் 'ஓர்தொனான்ஸ்' என்று பெயர். ஆணை என்றும் அதற்குப் பொருள் உண்டு. நமக்கு அது வெறும் சீட்டு. மூன்று வருஷத்துக்கு முந்தைய சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டு மாதிரி நீட்டி நீட்டி வாங்குகிறோம். பூங்காவில் நடக்கும்போது, "எனக்கு இதுல சரியாச்சு, உங்க வீட்லயும் குடுத்துப் பாருங்க" என்று அட்டையையே கிழித்துக் கொடுக்கிறோம். கடைக்காரரை மட்டும் திட்டி என்ன செய்ய?

டாக்டர்களும் தப்ப முடியாது. மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-லேயே சொல்லிவிட்டது. நம் கைக்கு வருவது இன்னும் கோழிக் கிறுக்கல்தான்.

"பிள்ளைகள் வெளிநாட்டில், ஒவ்வொரு தடவையும் 500 ரூபாய் கொடுத்து, இரண்டு மணி நேரம் காத்திருக்க முடியுமா?" என்பீர்கள். நியாயம். ஆனால் ஐ.சி.யூ. வாசலில் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் கணக்கு மாறிவிடும். அதோடு, பழகிய மருந்தும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. இதே நீர்ப்பை வலிக்கு பென்டோசான் என்றொரு மருந்து. அமெரிக்காவில் 1996-லிருந்து புழக்கத்தில் உண்டு. வருஷக்கணக்காகச் சாப்பிட்ட சிலருக்கு விழித்திரை பாதித்ததை 2018-ல்தான் கண் டாக்டர்கள் கண்டு எழுதினார்கள். 2020-ல் அந்த எச்சரிக்கை மருந்தின் குறிப்பேட்டிலேயே ஏறியது. பழைய சீட்டிலேயே வாங்கிக்கொண்டிருப்பவருக்கு இதை யார் சொல்வது?

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அமிட்ரிப்டிலின் போன்றவற்றைச் சட்டென்று விட்டாலும் தொல்லைதான். ஒரே ஒரு தாள் எடுங்கள். மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எதற்கு, யார் கொடுத்தது, எந்தத் தேதியிலிருந்து, எதுவரை. ஜலதோஷ மாத்திரை, லேகியம் உட்பட எல்லாம் அதில் வரட்டும். ஒரு நகல் பர்ஸில், ஒன்று ஃபிரிட்ஜ் கதவில். எந்த டாக்டரிடம் போனாலும், எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மருந்தால் கெடுதல் வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நாமே புகார் சொல்லலாம்.

நாம் உயிரோடு இருக்கிறோமா என்று அரசாங்கம் வருஷா வருஷம் நேர்காணல் வைத்துப் பார்த்துத்தான் பென்ஷன் போடுகிறது. அலுத்துக்கொண்டாலும் போகிறோம். வீட்டு மாத்திரை டப்பாவுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு நேர்காணல் வையுங்கள். "நீ எதற்கு இங்கே இருக்கிறாய்?" என்று ஒவ்வொன்றையும் டாக்டர் முன்னால் வைத்துக் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒன்பது மாத்திரை ஐந்தாகிவிட்டது.