நம் கையிலுள்ள விவிலியம் முழுமையானதா?

அலைபேசியை நாம் நடத்துவது போல விவிலியத்தையும் நடத்தினால் என்ன ஆகும்? 2017ஆம் ஆண்டு தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தமது மூவேளை செப உரையில் இக்கேள்வியை எழுப்பினார். இன்று நம்மில் பலருக்கு அலைபேசியே விவிலியமாகிவிட்டது. அன்பியக் கூட்டத்திலும் பேருந்திலும் அதைத் திறந்தே வாசிக்கிறோம். மகிழ்ச்சிதான். ஆனால் அதில் நாம் இறக்கி வைத்திருக்கும் மின்நூல் எத்தகையது என்று பார்த்திருக்கிறோமா?

இறந்தோர் வீட்டில் செபிக்கக் கூடியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சாலமோனின் ஞானம் 3ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்கிறார்கள். தேடினால் அந்த நூலே இல்லை! கத்தோலிக்க விவிலியத்தில் பழைய ஏற்பாடு 46, புதிய ஏற்பாடு 27, ஆக 73 நூல்கள். இலவசமாகக் கிடைக்கும் பல பதிப்புகளிலோ 66 நூல்கள்தாம். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரு நூல்கள் ஆகியவை அவற்றில் இல்லை. எஸ்தர், தானியேல் நூல்களின் சில பகுதிகளும் இல்லை. இறந்தோருக்காக நாம் ஏன் மன்றாடுகிறோம் என்று பிள்ளைகள் கேட்டால், 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தை எங்கே காட்டுவோம்?

எனவே முதலில் பொருளடக்கத்தை எண்ணிப் பார்ப்போம். அடுத்து, திருச்சபையின் ஒப்புதல் அச்சிடப்பட்டுள்ளதா எனப் பார்ப்போம். விவிலியப் பதிப்புக்குத் திருத்தூதுப் பீடம் அல்லது ஆயர் பேரவையின் ஒப்புதல் தேவை என்றும், மொழிபெயர்ப்புகளில் போதிய விளக்கக் குறிப்புகள் இருக்க வேண்டும் என்றும் திருச்சபைச் சட்டம் 825 கூறுகிறது.

மூன்றாவது, நூலின் அமைப்பு. பொருளடக்கத்தில் அதிகாரத்தைத் தொட்டதும் அந்த இடம் திறக்க வேண்டும். அடிக்குறிப்பைப் படித்துவிட்டு விட்ட இடத்துக்கே திரும்ப இயல வேண்டும். திருப்பாடல்கள் அடி அடியாக இருக்க வேண்டும். உரைநடை போல ஓடினால் செபத்தின் மூச்சே போய்விடும். அச்சுப் பக்கங்களைப் படமெடுத்துச் செய்த பதிப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கு வெளியே போய்விடும். கண் மங்கிய முதியோருக்கு அது பயன்படாது. விலை கொடுத்து வாங்குமுன் மாதிரிப் பக்கங்களைத் திறந்து இவற்றைச் சோதிப்போம்.

பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் அறிவித்தார். அந்நாளுக்குக் காத்திராமல் இன்றே நம் அலைபேசியைத் திறந்து பார்ப்போம். குறையுள்ள பதிப்பை மாற்றுவோம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் முழுமையான விவிலியத்தை இறக்கி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்போம். இறைவார்த்தை குறைவின்றி நம் இல்லங்களில் ஒலிக்கட்டும்.