ரஷ்ஷைப் பாருங்கடா முதல்ல

குறும்படம் எடுக்கிற பசங்க என்னிடம் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர்ல கட் பண்ணலாம்ணே?" பிரீமியரா, டாவின்சி ரிசால்வா, ஃபைனல் கட்டா என்று ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல அலசுகிறார்கள். எதில் வேண்டுமானாலும் வெட்டுங்கள். பத்து நிமிடப் படத்துக்கு ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம். லேப்டாப் திணறினால் ப்ராக்ஸி போட்டுக்கொள்ளுங்கள். மென்பொருள் பிரச்சினை அவ்வளவுதான்.

என் சண்டை வேறு. எடுத்ததை யாரும் முழுசாகப் பார்ப்பதே இல்லை.

நான் படித்த இடத்தில் எடிட்டிங் வகுப்பு என்றால் ஷார்ட்கட் கீ வகுப்பு. ஒரு செமஸ்டர் முழுக்க ரேஸர் டூல், கீஃப்ரேம், டிரான்சிஷன், எக்ஸ்போர்ட் செட்டிங். ரஷ்ஷை ஓடவிட்டு, இந்த அஞ்சு டேக்கில் எது, ஏன் என்று ஒருநாள்கூட யாரும் கேட்டதில்லை. விளைவு? ஷூட்டிங்கில் 'ஓகே' சொன்ன டேக்குகளை ஸ்கிரிப்ட் வரிசையில் அடுக்கி, அடியில் ஒரு பியானோவை ஓடவிட்டு, தாளத்துக்குத் தாளம் வெட்டிவிட்டு, படம் ரெடி என்கிறார்கள்.

ஸ்டீன்பெக் மாதிரியான பழைய மேசைகளில் ரீலின் நடுவில் இருக்கும் ஷாட் வேண்டுமென்றால், முன்னால் இருப்பதையெல்லாம் ஓட்டித்தான் ஆகவேண்டும். ஓட்டும்போது தேடாத ஒன்று கண்ணில் படும். கணினியில் கேட்டது மட்டும்தான் வரும். இதைப் பற்றி வால்டர் மர்ச் எழுதியிருக்கிறார். அவர் ஒன்றும் பழைய பஞ்சாங்கம் இல்லை. 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்தை அவிட்டில் வெட்டி ஆஸ்கர் வாங்கியவர். 2003இல் வந்த 'கோல்ட் மவுண்டன்' படத்தை ஃபைனல் கட் ப்ரோவில் முடித்தவர்.

நண்பனின் எட்டு நிமிடப் படம் ஒன்று. மகன் வெளியூர் கிளம்புகிறான், அம்மா சாப்பாடு கட்டித் தருகிறார். அம்மாவாக நடித்தது அவனுடைய அத்தை. வசனம் என்று வந்தாலே பள்ளிக்கூட ஒப்பிப்பு. 'ஓகே' டேக்கிலும் அதேதான். பதினோரு டேக்கையும் முதல் ஃப்ரேமிலிருந்து ஓட்டினேன். நாலாவது டேக்கில், 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னால், கேமரா ஓடுவது தெரியாமல் டிபன் பாக்ஸ் மூடியை ரெண்டு தடவை அழுத்திப் பார்க்கிறார். குழம்பு சிந்திவிடக் கூடாதே! வசனத்தைத் தூக்கிவிட்டு அந்தப் பத்து விநாடியை வைத்தோம். மகன் அடுத்த ஷாட்டில்தான் படியிறங்குகிறான். அவன் செருப்புச் சத்தத்தை மட்டும் முன்னாடியே அவர் முகத்தின் மேல் கொண்டுவந்தேன். ஜே கட் என்பார்களே, அது. வசனம் எழுதியவன் நண்பன். ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

"டெட்லைன் இருக்குண்ணே, அவ்வளவையும் எப்படிப் பாக்குறது?" மொத்த ரஷ் மூணு மணி நேரம் இருக்குமா? டைட்டில் ஃபான்ட்டுக்கு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தீங்களே தம்பி. பியானோவை ம்யூட் பண்ணிட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு உட்காருங்க. 'கட்' சொன்ன பிறகு ஓடுகிறதே, அதையும் சேர்த்துப் பாருங்க.