மாடல் ஏற்றுக்கொண்டால் தரவு சரியாகிவிடுமா?

பைத்தானில் வெப் ஏபிஐ எழுதும் குழுக்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. பைடான்டிக் மாடல் ஒன்றை எழுதி ஃபீல்டுகளுக்கு டைப் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. தப்பான தரவு வந்தால் ஃபாஸ்ட்ஏபிஐ ஃப்ரேம்வொர்க் 422 என்ற பிழைக் குறியீட்டைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும், உள்ளே வந்ததெல்லாம் சுத்தம். ‘இந்த மதிப்பை யார் சரிபார்க்கிறார்கள்?’ என்று கோட் ரிவ்யூவில் யாராவது கேட்டால், ‘அதான் மாடல் இருக்கே’ என்று பதில் வரும். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த நம்பிக்கையில் பாதிகூட உண்மையில்லை.

சாமுவேல் கால்வின் 2017இல் தொடங்கிய லைப்ரரி பைடான்டிக். அதன் முதல் பதிப்பின் ஆவணங்களே விஷயத்தை மறைக்காமல் சொல்லியிருந்தன: உத்தரவாதம் வெளியே வரும் மாடலுக்குத்தான், உள்ளே வந்த தரவுக்கு இல்லை. இன்ட் கேட்ட இடத்தில் ‘12’ என்ற ஸ்ட்ரிங் வந்தால் அதை 12 ஆக்கிக்கொள்ளும். ட்ரூ வந்தால் 1 ஆக்கும். 10.5 வந்தால் பழைய பதிப்பு சத்தமில்லாமல் 10 என்று வெட்டிவிடும். 2023இல் வந்த இரண்டாம் பதிப்பு இந்த வெட்டு வேலையை நிறுத்தியது, நல்லது. ஆனால் மாற்றிக்கொள்ளும் குணம் போகவில்லை. கறாராகப் பார்க்கச் சொல்லும் ஸ்ட்ரிக்ட் மோடு இருக்கிறது, கேட்காவிட்டால் அது வேலை செய்யாது.

ஒரு சின்னச் சோதனை. டேட்டைம் என்று அறிவித்த ஃபீல்டுக்கு, இடம் மாறி, ஒரு செல்பேசி எண் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 9999999999. 422 வராது. 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகளாக அதை எடுத்துக்கொண்டு, 2286 நவம்பர் 20 என்ற தேதியை பைடான்டிக் பணிவோடு நீட்டும். சரி, எதிர்காலத் தேதி கூடாது என்று ஒரு கட்டுப்பாடு போட்டு இதைப் பிடித்துவிடலாம். இப்போது அதே எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீடான 91ஐச் சேர்த்து அனுப்புங்கள். எண் இரண்டாயிரம் கோடியைத் தாண்டிவிட்டால் பைடான்டிக் அதை விநாடியாகப் பார்க்காது, மில்லிவிநாடியாக எண்ணும். கிடைக்கும் தேதி 1999 பிப்ரவரி 26. யாரோ ஒருவருடைய பிறந்தநாள் போலவே இருக்கும். எதிர்காலக் கட்டுப்பாடும் அதை விட்டுவிடும், மேசையில் உட்கார்ந்து பட்டியலைப் புரட்டுகிறவரும் விட்டுவிடுவார். பிழை காட்டி நின்றுபோகும் தரவைவிட, இப்படி நல்லபிள்ளை வேஷம் போட்டு உள்ளே வரும் தரவுதான் ஆபத்து.

‘டைப்பை மட்டும் நம்பினால் அப்படித்தான், நாங்கள் ரெஜெக்ஸ் போடுகிறோம்’ என்பார்கள். போடட்டும். வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டுக்கு ரெஜெக்ஸ் எழுதுவது எளிது: நான்கு ஆங்கில எழுத்து, ஒரு பூஜ்யம், அடுத்து ஆறு இடம். சிண்டிகேட் வங்கியின் பழைய குறியீடு இந்த அச்சில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அந்த வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியோடு இணைந்துவிட்டது, அதன் பழைய குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாது. மாடல் பச்சைக்கொடி காட்டும், பணம் போய்ச் சேராது. இன்று எந்தக் குறியீடு உயிரோடு இருக்கிறது என்பது ஒரு பட்டியலில் இருக்கிற விவரம், அந்தப் பட்டியலோ மாறிக்கொண்டே இருக்கிறது. மாடலின் ஒரு வரிக்குள் அதை அடைக்க முடியாது.

தப்பை உள்ளே விடுவதாவது பரவாயில்லை, சரியானதை வெளியே தள்ளுவதும் இதே மாடல்கள்தான். தமிழ்ப் பெயர்கள் படும் பாட்டைப் பாருங்கள். குடும்பப் பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து என்று ஒரு ஃபீல்டு. அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் இனிஷியலாக வைத்திருப்பவர் என்ன செய்வார்? தன் பெயரையே இரண்டாம் முறை அடிப்பார், இல்லாவிட்டால் எதையாவது தட்டிவிட்டுப் போவார். அது பாஸாகிவிடும். உண்மையை எழுதியவருக்கு 422, பொய் எழுதியவருக்கு 200. பெயரைத் தமிழிலேயே ஏற்கும் இடத்தில் கதை இன்னும் மோசம். எழுத்து மட்டும்தான் இருக்கிறதா என்று பார்க்க பைத்தானின் இஸ்ஆல்ஃபாவைக் கூப்பிட்டு ஒரு வேலிடேட்டர் எழுதினால், ‘தமிழ்’ என்ற சொல்லே தேறாது. இகரக் குறியையும் புள்ளியையும் யூனிகோட் எழுத்துகளாகக் கணக்கில் வைக்கவில்லை, அவை சேர்ப்புக் குறிகள். நாம் மூன்றெழுத்து என்று எண்ணும் அதே சொல்லுக்கு பைத்தான் சொல்லும் நீளம் 5. ஆங்கிலப் பெயரை மனதில் வைத்துப் போட்ட அதிகபட்ச நீளம் தமிழ்ப் பெயரை வெளியே தள்ளுவது இதனால்தான்.

இனி மாடலால் பார்க்கவே முடியாத பகுதி: கேட்பவருக்கு உரிமை இருக்கிறதா என்பது. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில், இணைய முகவரியில் இருந்த எண்ணை மாற்றினால் அடுத்தவரின் ஆவணம் லாகின்கூட இல்லாமல் திறந்தது. 2019 மே மாதம் செய்தி வெளியானபோது, அப்படித் திறந்து கிடந்தவை சுமார் 88.5 கோடி கோப்புகள். மாற்றி அடித்த எண்களில் டைப் பிழை எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் அப்பழுக்கற்ற இன்ட்.

2012 மார்ச்சில் கிட்ஹப்பில் நடந்தது வேறு ரகம். எகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர், பொதுச் சாவியைப் புதுப்பிக்கும் ஃபார்மில் யாரும் கேட்காத ஒரு ஃபீல்டைக் கூடுதலாக அனுப்பினார். கிட்ஹப்பைத் தாங்கிய ரூபி ஆன் ரெயில்ஸ் ஃப்ரேம்வொர்க் அதை அப்படியே வாங்கி மாடலில் எழுதிக்கொள்ள, ரெயில்ஸ் திட்டத்தின் களஞ்சியத்திலேயே கமிட் செய்யும் உரிமை அவருக்குக் கிடைத்துவிட்டது. பைடான்டிக்கில் இது நடக்காது, அறிவிக்காத ஃபீல்டுகளை அது தூக்கி எறிந்துவிடும் என்று சிலர் நிம்மதி கொள்கிறார்கள். அறிவித்த ஃபீல்டு என்றால்? பயனரைப் பதிவு செய்ய, டேட்டாபேஸில் சேமிக்க, பதிலாகத் திருப்பி அனுப்ப என்று மூன்றுக்கும் ஒரே மாடலைப் பயன்படுத்தும் சோம்பேறித்தனம் இன்றும் சாதாரணம். அந்த மாடலில் அட்மினா இல்லையா என்று ஒரு பூல் ஃபீல்டு இருந்தால் போதும். ‘yes’ என்ற ஸ்ட்ரிங்கை அனுப்பினாலும் பைடான்டிக் அதை ட்ரூ ஆக்கிக் கொடுத்துவிடும். உள்ளே வருவதற்கு ஒரு மாடல், வெளியே போவதற்கு ஒரு மாடல் என்று பிரிக்கப் பத்து வரி கூடுதலாகும், அவ்வளவுதான் செலவு.

பைடான்டிக்கைத் தூக்கிப்போடச் சொல்லி யாரும் வாதாடவில்லை. அது இல்லாமல் கையால் எழுதிய இஃப் வரிசைகளைப் படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வடிவத்தைப் பார்ப்பதுதான் அதன் வேலை, அதை நன்றாகவே செய்கிறது. உரிமையைப் பார்ப்பது அதன் வேலை இல்லை. ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் ஏபிஐ பாதுகாப்புப் பட்டியலில், 2019இலும் 2023இலும் முதலிடத்தில் இருப்பது ஒரே குறைதான்: கேட்கும் பொருள் கேட்பவருக்கு உரியதா என்று பார்க்காமல் கொடுத்துவிடுவது. அதைத் தடுக்கும் வரி எந்த மாடல் ஃபைலிலும் தானாக முளைக்காது, ஒவ்வொரு எண்ட்பாயின்ட்டுக்கும் டெவலப்பர்தான் எழுதியாக வேண்டும்.