குழந்தைப் பேற்றுக்கான காத்திருப்பும் அதன் விலையும்

நாட்டில் பிறப்புகள் குறைந்து செல்வது குறித்து அண்மைக் காலமாக அதிகம் பேசப்படுகின்றது. 2019ஆம் ஆண்டில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமாகவிருந்த பிறப்புகளின் எண்ணிக்கை 2023ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சத்துக்கும் கீழிறங்கியது. பொருளாதார நெருக்கடி, இளைஞர்கள் நாட்டைவிட்டு வெளியேறுதல், பிந்திய திருமணம் எனக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. குழந்தைப் பேற்றைத் தள்ளிப் போடுவோரைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், குழந்தை வேண்டுமென ஏங்கியும் அது கிட்டாதோரைப் பற்றி வாய்திறப்பதில்லை.

இவர்களின் தொகை சிறியதன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலேனும் கருத்தரிப்புக் குறைபாட்டை எதிர்கொள்கின்றனர். இதில் செல்வந்த நாடுகளுக்கும் வறிய நாடுகளுக்குமிடையே பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு சிகிச்சை கிடைப்பதிலேயே உள்ளது.

ஏ-9 வீதியில் மாத்தளைக்கு வடக்கே அமைந்துள்ள பலாபத்வல போன்ற ஒரு சிற்றூரிலிருந்து இப்பிரச்சினையை நோக்கினால் அதன் கனம் புரியும். மாத்தளை மாவட்ட வைத்தியசாலையிலும் கண்டி, பேராதனை போதனா வைத்தியசாலைகளிலும் வைத்தியர்களைக் கட்டணமின்றிச் சந்திக்கலாம். ஆனால், சோதனைக் குழாய் முறை வரை செல்ல வேண்டியவர்கள் பெருமளவில் தனியார் துறையையே நாட வேண்டியுள்ளது. ஒரு சுற்றுச் சிகிச்சைக்கே பல இலட்சம் ரூபா தேவைப்படும். 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது இறக்குமதி மருந்துகளின் விலையும் அதனுடன் சேர்ந்து ஏறியது.

2024இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபாவை எடுத்துக் கொள்வோம். மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை கிடைத்தாலும் அது 33,750 ரூபாவே. சிகிச்சைச் செலவை ஐந்து இலட்சம் ரூபா என மிகக் குறைத்து மதிப்பிட்டாலும், உண்ணாமல் உடுக்காமல் சேர்த்த பதினைந்து மாதச் சம்பளம் அதற்கு வேண்டும். வைத்தியரைச் சந்திக்கச் செல்லும் ஒவ்வொரு நாளும் அந்த நாளின் சம்பளமும் இல்லாமற் போகும். இத்தனைக்கும் பின்னர், இளம் வயதினருக்கே ஒரு சுற்றில் குழந்தை பிறக்கும் வாய்ப்புப் பாதிக்கும் குறைவு. நகையை அடகு வைத்தவர்கள் நகையும் இன்றி, குழந்தையும் இன்றி வீடு திரும்புவதுண்டு.

பணம் சேர்ப்பதற்காகக் கணவன் மத்திய கிழக்குக்குச் செல்வது நமது கிராமங்களில் வழமையான தீர்வு. இங்கே அத்தீர்வே பிரச்சினையாகி விடுகின்றது. பெண்ணின் கருத்தரிக்கும் ஆற்றல் முப்பத்தைந்து வயதின் பின் வேகமாகக் குறைகின்றது. பணம் சேரும் ஆண்டுகள் வாய்ப்புக் கரையும் ஆண்டுகளாகவும் அமைகின்றன. வசதியுள்ளவருக்குக் காத்திருப்பு ஒரு கவலை. வசதியற்றவருக்கு அது ஓர் இழப்பு.

பணத்தைவிடக் கொடியது சொல். குறைபாடுகளில் ஏறத்தாழ அரைவாசியில் ஆணின் உடல்நிலைக்கும் பங்கிருப்பதாக மருத்துவம் கூறுகின்றது. எனினும் பழி பெண்ணின் மீதே விழுகின்றது. தொட்டில் வைபவத்துக்கு அழைக்கப்படாதவளும், மறுமணப் பேச்சைக் காதால் கேட்க நேர்பவளும் அவளே. ஆணுக்கான ஆரம்பப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது. அதற்கு உடன்பட மறுக்கும் கணவனின் கௌரவத்துக்காக மனைவி வருடக்கணக்கில் மருந்துண்பது அநீதியாகும்.

இந்த மௌனத்தின் விலையை முழு நாடும் செலுத்தியிருக்கின்றது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக எழுந்த வதந்தியால் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாப்பொருள் என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் உறுதிப்படுத்தியது. 2019இல் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவருக்கெதிராகக் கருத்தடைக் குற்றச்சாட்டு எழுந்தபோது நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்தனர். ஆதாரமில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் தெரிவித்தது. குற்றச்சாட்டு பொய்த்தாலும், முறைப்பாடு செய்த பெண்களில் குழந்தைக்காக ஏங்கியோரின் துயரம் பொய்யன்று. ஏன் கருத்தரிக்கவில்லை என்பதை உரிய காலத்தில் அவர்களுக்கு எவரேனும் விளக்கியிருந்தால், அத்துயரத்தை இனவாதிகள் தமது கருவியாக்குவது இவ்வளவு இலகுவாக இருந்திராது.

சமயமும் இங்கு தடையாகக் காட்டப்பட வேண்டியதில்லை. கணவன் மனைவி இருவருக்கிடையே மட்டும் அமையும் சோதனைக் குழாய் முறையை எகிப்தின் அல்-அஸ்ஹர் 1980இலேயே அனுமதித்தது. சிகிச்சை பயனளிக்காத நிலையில், 1941ஆம் ஆண்டின் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிள்ளையைத் தத்தெடுக்கும் வழியுண்டு. இஸ்லாத்தில் தத்துப் பிள்ளைக்கு வளர்ப்பவரின் வம்சப் பெயரைச் சூட்டுவதற்கு இடமில்லையெனினும், அநாதைகளைப் பொறுப்பேற்று வளர்ப்பது பெரும் நன்மையாகப் போற்றப்படுகின்றது.

செய்யக் கூடியவை பல உள்ளன. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இன்று ஒவ்வொரு கிராமத்தையும் எட்டுகின்றது. வீடு வீடாகச் செல்லும் குடும்ப நல உத்தியோகத்தர்கள் தம்பதியரின் விபரங்களைப் பதிவு செய்கின்றனர். ஓராண்டாகியும் கருத்தரிக்காத தம்பதியரை, கணவனையும் சேர்த்தே, மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பும் பொறுப்பு முறையாக நிறைவேற்றப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2024இல் சென்னை எழும்பூர் அரச மகப்பேற்று மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் திறக்கப்பட்டது. இந்தியா இத்துறையை ஒழுங்குபடுத்த 2021இல் தனிச்சட்டமும் இயற்றியது. மத்திய மாகாணத்தில் அரச வைத்தியசாலை ஒன்றிலேனும் இவ்வசதி முழுமையாக அமைய வேண்டுமெனக் கோருவது பேராசையன்று. தனியார் நிலையங்கள் தமது கட்டணத்தையும் வெற்றி வீதத்தையும் முன்கூட்டியே எழுத்தில் தருவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

பிரசவத்தை இலவசமாக்கி, தாய் மரணத்தைக் குறைத்து உலகின் பாராட்டைப் பெற்ற நாடு இது. அந்தப் பிரசவ அறையின் வாசலைக்கூட எட்ட முடியாமல் நிற்போருக்கும் அதே இலவச சுகாதார சேவையில் பங்குண்டு. அரசாங்கம் அப்பங்கை வழங்கட்டும். அதுவரை, திருமணமான வீட்டுக்குள் நுழைந்ததும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பதையேனும் நாம் நிறுத்திக் கொள்ளலாம்.