நீதிபதி ஓட்டுக் கேட்கலாமா?



"அமெரிக்காவில் நீதிபதிகளையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுதான் ஜனநாயகம். இங்கும் வரவேண்டும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி நம் குழுக்களில் சுற்றுகிறது. அதில் பாதி உண்மை, மீதி ஆபத்து.

அங்கே மத்திய நீதிபதிகளுக்குத் தேர்தலே கிடையாது. மாநில நீதிபதிகளுக்குத்தான் உண்டு, அதுவும் எல்லா மாநிலங்களிலும் இல்லை.

மேற்கு வர்ஜீனியாவில் மாஸி என்ற நிலக்கரி நிறுவனத்தின் மேல் ஜூரி 5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீடு வருவதற்குள், 2004 தேர்தலில், மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நின்ற ஒருவருக்காக அந்த நிறுவனத் தலைவர் சுமார் 30 லட்சம் டாலர் செலவழித்தார். அவர் ஜெயித்தார். அந்த வழக்கிலிருந்து விலக மறுத்தார். 3-2 என்று நிறுவனம் தப்பியது. அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் 5-4 என்ற கணக்கில்தான்!

உப்பிட்டவரை நினை என்று வளர்ந்தவர்கள் நாம். மனிதனுக்கு அது நல்ல குணம். நீதிபதிக்கு அதுவே விஷம்.

"மிசோரி முறை நல்லதாயிற்றே" என்பீர்கள். 1940-இல் வந்தது. குழு பெயர்களைத் தரும், ஆளுநர் ஒருவரை நியமிப்பார், பிறகு அவர் நீடிக்கலாமா என்று மக்கள் ஆம், இல்லை சொல்வார்கள். இதே வகை முறை உள்ள அயோவாவில் நடந்ததைப் பாருங்கள். ஒருபால் திருமணத் தடை செல்லாது என்று 2009-இல் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2010-இல் வாக்கெடுப்புக்கு வந்த மூவரும் பதவி இழந்தனர். லஞ்சம் இல்லை, ஊழல் இல்லை. தீர்ப்பு பலருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தீர்ப்பு உங்களுக்கும் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் அங்கே சிறுபான்மை. நாளை ஊரே ஒருபக்கம் நிற்க, நீங்கள் தனியாக நீதிமன்றப் படி ஏறினால், அடுத்த ஓட்டை எண்ணிக்கொண்டிருக்கும் நீதிபதி உங்களுக்கு எதற்கு? விடைத்தாள் திருத்துபவரை வகுப்பே ஓட்டுப் போட்டு வைத்துக்கொண்டால், மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு?

மாசசூசெட்ஸில் ஆளுநர் நியமிக்கிறார், ஒரு மன்றம் ஒப்புதல் தருகிறது, 70 வயதில் ஓய்வு. இடையில் ஓட்டுப் பிச்சை இல்லை. அதுதான் சரி.

"அப்படியானால் நம்மூர் கொலீஜியம் சரியா?" மூடிய அறைக்கு நான் வக்கீல் அல்ல. நியமனத்தின் காரணங்களைப் பொதுவில் வைக்கச் சொல்லுங்கள். தவறு செய்பவரை விசாரிக்கச் சொல்லுங்கள். கதவைத் திறக்கக் கேட்பது வேறு, கூரையைப் பிரிப்பது வேறு.

அங்கே குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாக்குச்சீட்டில் நீதிபதிகள் பகுதியை வெறுமனே விட்டுவிடாதீர்கள். "எனக்குப் பிடித்த தீர்ப்பா?" என்று பார்க்காமல், "நேர்மையாகக் காரணம் சொல்லித் தீர்ப்பெழுதினாரா?" என்று பார்த்து ஓட்டுப் போடுங்கள்.