பதினெட்டு நாள் லீக்

2020 ஊரடங்கின்போது ஒரு செய்தி வலம் வந்தது. இந்திய அணியின் மிட்ஃபீல்டர் இந்துமதி கதிரேசன் சென்னையில் காக்கி உடுப்பில் கொரோனா பணியில் நிற்கிறார், மைதானத்திலும் ரோட்டிலும் நாட்டுச் சேவை என்கிற தொனியில். நீங்களும் ஃபார்வர்ட் பண்ணியிருப்பீங்க. கால்பந்துக் கூட்டமைப்பே அதைப் பெருமையாகச் சொன்னது. கூட்டமைப்புக்கு வெட்கம் வந்திருக்க வேண்டிய செய்தி அது.

ஏன் அவர் சப் இன்ஸ்பெக்டர்? கால்பந்து அவருக்குச் சோறு போடாது என்பதால்தான். 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை மதுரையின் சேது எஃப்சி வென்றது. இந்துமதியின் கிளப். இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று அடித்தார்கள். அந்த லீக் மே 5 தொடங்கி மே 22 முடிந்தது, மொத்தமும் லூதியானாவில். பதினெட்டு நாள். எங்க ஊர்த் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுப் பிரிக்கவே அதில் பாதி ஆகும். அதற்கு 'தேசிய லீக்' என்று பெயர்.

நான் மரக்காணத்துக்காரன். ஐப்பசி மழை இறங்கினால் எங்க உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பாத்தியெல்லாம் தண்ணி. வேலையில்லாத அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளிக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது எந்த மூலைக்கு என்பது தனிச் சண்டை. ஆனால் சீசன் இல்லாதபோதும் வயிறு உண்டு என்று ஒத்துக்கொண்டாவது ஆகிவிட்டது. உப்பளத்துக்கே மூன்று மாசம்தான் ஓய்வு. பெண்கள் லீக்குக்கு 2019இல் பதினோரு மாசத்துக்கும் மேல். (ஐடி கம்பெனியில் நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தாலும் சம்பளம் வரும்.)

"அதான் கவர்மெண்ட் வேலை கிடைச்சுதே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த வேலை அவர் ஆடிச் சம்பாதித்தது, யாருக்கும் அதில் பொறாமை வேண்டாம். என் சண்டை வேறு. மிட்ஃபீல்டரின் வேலை பந்து வருவதற்கு முன்பே நடப்பது. யார் எந்தப் பக்கம் ஓடுவாள், எங்கே இடம் திறக்கும் என்பதை ஒரே அணியோடு வாரா வாரம் ஆடித்தான் கற்க முடியும். பந்தோபஸ்துக்கு நடுவில் அது வராது. 2023-24 ஐஎஸ்எல்லில் ஆண்கள் கிளப் ஒவ்வொன்றும் லீக் சுற்றில் மட்டும் 22 ஆட்டம் ஆடியது. அதே வருஷம்தான் பெண்கள் லீக் முதன்முதலாகச் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி நடந்தது. ஏழு அணி, ஆளுக்கு 12 ஆட்டம். முன்னேற்றம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

திறமை இல்லை என்ற சாக்கும் செல்லாது. புதுச்சேரியைத் தாண்டினால் கடலூர். 2004 சுனாமி அடித்துப்போட்ட அந்தக் கரையில் பயிற்சியாளர் மாரியப்பன் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பந்தாட வைத்தார். இந்துமதி அங்கே வளர்ந்தவர். 2018இல் கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். மணிப்பூரை! பெண்கள் கால்பந்தைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும் அது என்ன என்று.

2023இல் கூட்டமைப்பு ஒரு குறைந்தபட்சச் சம்பளம் அறிவித்தது. வருஷத்துக்கு 3.2 லட்சம், மாசத்துக்கு 27,000கூட வராது. அதுவும் ஒரு கிளப்பில் பத்து இந்திய வீராங்கனைகளை ஒப்பந்தம் செய்தால் போதும். பதினொன்றாவதாக இறங்குகிறவள் எந்தத் தேர்வுக்குப் படிக்கணும், போலீஸா ரயில்வேயா?